அக்கா வெட்டி அனுப்பிய வரிகள்

லிஃப்டுக்குள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்த ஒரு மனிதருக்கு எழுதும் கடிதத்தை ‘அன்புடன்’ என்று முடிக்கலாமா? கூடவே கூடாது என்பது அவளுடைய கட்சி. இருபத்தெட்டு வருஷமாக அவள் அந்தக் கட்சியில் இருக்கிறாள். கட்சியில் வேறு உறுப்பினர் கிடையாது.

லிஃப்டுகளைப் பொருத்திப் பராமரிக்கும் கம்பெனி அது. மூன்றாவது மாடியில் கடிதப் பிரிவு. அந்தக் கட்டடத்து லிஃப்டே மாதத்துக்கு இரண்டு தடவை நின்றுபோகும் என்பதை வெளியில் சொல்லிவிடாதீர்கள். புகாருக்குப் பதில், ஒப்பந்தப் புதுப்பிப்பு, வக்கீல் நோட்டீசுக்கு விளக்கம் என்று எது வெளியே போனாலும், அது காகிதமானாலும் மின்னஞ்சலானாலும், விஷயத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். முடிப்பு மட்டும் அவள் மேஜைக்கு வந்துதான் போகவேண்டும். அதனால் ஆபீஸில் அவளுக்குப் பெயரே ‘கடைசி வரி’. நேரில் ‘மேடம்’ என்பார்கள். அந்தப்பக்கம் திரும்பினால் “கடைசி வரி வந்தாச்சா?” என்பார்கள். அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

அவளிடம் சில கணக்குகள் உண்டு. முதல் தடவை புகார் சொல்பவருக்கு, ‘தங்கள் சிரமத்துக்கு வருந்தும்’. அதே ஆள் மூன்றாம் தடவை எழுதினால் வருத்தம் செல்லுபடியாகாது. ‘உடனடி நடவடிக்கையில்’ என்று போட்டு, நிஜமாகவே ஆளை அனுப்பிவிட்டுத்தான் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பாள். வக்கீல்களுக்கு வெறும் ‘இப்படிக்கு’. அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் வக்கீல்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். நம்மை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போகிறவருக்கு ‘நன்றியுடன்’ மட்டும்; ‘மீண்டும் சந்திக்கும் ஆவலுடன்’ என்று வழியக் கூடாது. இறந்துபோன வாடிக்கையாளரின் குடும்பத்துக்கு ‘ஆழ்ந்த அனுதாபங்களுடன், தங்கள் உண்மையுள்ள’. இதையெல்லாம் அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை. விரலே போட்டுவிடும். அந்த விரல்தான் அவளுக்கு வினை வைத்தது. அதற்கு இதோ வருகிறேன்.

புதிதாக வந்திருந்த மேனேஜர் சிரித்த முகக்காரர். வந்த மூன்றாம் வாரமே ஒரு யோசனையோடு அவள் மேஜைக்கு வந்தார்.

“மேடம், நம்ம மெயில் எல்லாத்துலயும் கம்ப்யூட்டரே ஒரு முடிப்பு போட்டுடற மாதிரி செஞ்சிடலாம். ‘அன்புடன், உங்கள் குடும்பத்தில் ஒருவர்’. எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு சார். ஆனா லிஃப்டுக்குள்ள நாப்பது நிமிஷம் நின்னவரு அதப் படிச்சா, குடும்பத்துல ஒருத்தருதான் இப்படிப் பூட்டி வைப்பாங்களான்னு கேப்பாரு.”

மேனேஜர் சிரித்துவிட்டார். சிரித்தாலும் விடவில்லை. “கொஞ்சம் பாசமா இருக்கட்டுமேன்னு பாத்தேன்.”

“பாசம் தப்பில்ல சார். கடைசி வரியப் பாத்தா நாம எங்க நிக்கிறோம்னு படிக்கிறவருக்குத் தெரியணும். பக்கத்துலயா, தள்ளியா. தள்ளி நின்னுக்கிட்டே பக்கத்துல நிக்கற மாதிரி எழுதினா அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. கண்டுபிடிச்சிட்டா அப்புறம் உள்ள எழுதின எதையும் நம்ப மாட்டாங்க.”

“உங்களுக்கு எப்படி இவ்வளவு நிச்சயமாத் தெரியும்?”

“தெரியும் சார்,” என்று சொல்லிவிட்டு அவள் மேஜையின் கீழ் இழுப்பறையைக் காலால் லேசாகத் தள்ளி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அந்த இழுப்பறையில், பேனா மைப்புட்டிக்குப் பின்னால், ஒரு பழுப்பு உறை. மேலே அவள் கையெழுத்தில் ‘நிலுவை’ என்று எழுதியிருக்கும். பதில் வராத ஆபீஸ் கடிதங்களை அப்படித்தான் குறிப்பார்கள். உள்ளே ஆறு காகிதத் துண்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். துண்டுகளின் மேல் ஓரம் பல் பல்லாக இருக்கும். துணி ஓரம் பிரிந்து வராமலிருக்க டெய்லர்கள் வைத்திருக்கும் கத்தரி அப்படித்தான் வெட்டும். அவளுடைய அக்கா டெய்லர்.

அக்காவுக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். பெற்றோர் அடுத்தடுத்துப் போனபோது அக்காவுக்குப் பதினேழு. அன்றைக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்தவள்தான். தங்கையைப் படிக்க வைத்தாள், வேலைக்கு அனுப்பினாள், கல்யாணம் செய்து வைத்தாள், அதற்கப்புறம்தான் தானும் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்தக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தங்கை பார்த்ததில்லை. ஊசி விரலில் ஏறினால்கூட, “சனியன், நூலு அறுந்துபோச்சு,” என்று நூலுக்காகத்தான் வருத்தப்படுவாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் கணவர் ஒரு காலையில் காபியைக் குடித்துவிட்டு நாற்காலியிலேயே போய்விட்டார். அக்காவின் ஊருக்கு ஐந்து மணி நேரப் பயணம். தங்கை போகவில்லை. கடிதம்தான் போயிற்று. ‘தவிர்க்க முடியாத அலுவலகப் பணி காரணமாக நேரில் வர இயலவில்லை’ என்று அதில் இருந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். ஆபீஸ் நாற்காலியில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டிய கடிதம். வருஷக்கணக்கில் பழகிய விரல் தானாக ஓடி முடித்து வைத்தது:

‘ஆழ்ந்த அனுதாபங்களுடன்,
தங்கள் உண்மையுள்ள’

அதன் கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே ‘முதுநிலை அலுவலர், கடிதப் பிரிவு’. கூடப்பிறந்தவளுக்கு, தாலாட்டாத குறையாக வளர்த்தவளுக்கு. தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. பெட்டிக்குள் கையை விட முடியுமா?

எட்டாம் நாள் பதில் வந்தது. உறையில் வேறொன்றும் இல்லை. அந்தக் கடைசி வரிகள் மட்டும், பல் பல்லாக வெட்டி. மீதிக் கடிதத்தை அக்காவே வைத்துக்கொண்டிருந்தாள்.

பதறிப்போய் போன் செய்தாள். அக்கா மகன் எடுத்தான். “சித்தி, அம்மா உங்ககிட்ட பேச மாட்டாங்களாம். உங்களுக்கு எழுதத்தான் வரும், அதனால எழுதச் சொன்னாங்க,” என்று சங்கடத்தோடு சொல்லி வைத்துவிட்டான். நேரில் போயிருக்கலாமே என்பீர்கள். போயிருக்கலாம்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்றே ஒரு வருஷம் ஓடிவிட்டது. பிறகு அது பழகியும் போயிற்று.

ஆகவே எழுதினாள். வருஷத்துக்கு ஒரு கடிதம், அதே மாதத்தில். இரண்டாம் வருஷம் ‘என்றும் அன்புடன், உன் அன்புத் தங்கை’ என்று முடித்தாள். துண்டு திரும்பி வந்தது. அவர்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கொஞ்சிப் பேசியதே இல்லை. அக்கா அதைப் படித்து உதட்டைச் சுழித்திருப்பாள். மூன்றாம் வருஷம் ‘மன்னிப்பை வேண்டும்’. திரும்பி வந்தது. நான்காம் வருஷம் ‘உன் நலம் நாடும்’. அது நகராட்சி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று போட்ட பிறகு அவளுக்கே தோன்றியது. ஐந்தாம் வருஷம் வெறும் பெயரை மட்டும் எழுதினாள். ஆறாம் வருஷம் வெறுத்துப்போய் ஒன்றுமே எழுதாமல் கீழே வெறுமையாக விட்டு அனுப்பினாள். அக்கா அந்த வெற்றுக் காகிதத்தையும் இரண்டு விரல் அகலத்துக்குப் பல் பல்லாக வெட்டித் திருப்பி அனுப்பினாள். அன்று இருவரில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்திருந்தால்கூடக் கதை அங்கேயே முடிந்திருக்கும். வரவில்லை.

ஊருக்கெல்லாம் கடைசி வரி சொல்பவள், ஒரே ஓர் ஆளுக்கு ஏற்ற கடைசி வரியைக் கண்டுபிடிக்க முடியாமல் ஆறு வருஷம் தோற்றாள். அது அவளைத் தின்றது. மேனேஜரிடம் அத்தனை நிச்சயமாகப் பேசியது அந்த ஆறு துண்டுகளின் பலத்தில்தான்.

மேனேஜர் பேசிவிட்டுப் போன நாலாம் நாள், வீட்டுக்கு ஒரு உறை வந்திருந்தது. அக்காவின் கையெழுத்து. இந்த வருஷக் கடிதத்தை அவள் இன்னும் எழுதவே இல்லையே என்று யோசித்துக்கொண்டே பிரித்தாள். உள்ளே துண்டு இல்லை. அளவெடுத்துக் குறிக்கும் சீட்டு ஒன்று. ‘நீளம், தோள், இடுப்பு’ என்று அச்சிட்ட கட்டங்களைச் சட்டை செய்யாமல் குறுக்கே எழுதியிருந்தது.

‘முழங்கால் ஆபரேஷன். அடுத்த மாசம் பதினாலு. பையன் கப்பல்ல இருக்கான், வர நாலு மாசம் ஆகும். கூட ஒரு ஆள் இருக்கணும்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க. இல்லன்னா தள்ளிப் போடுவாங்களாம். இப்பவே செவுத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறேன். நீ வருவியா, இல்ல அனுதாபம்தானா? எழுது.’

முடிப்பு எதுவும் இல்லை. அவள் அதை நின்றபடியே நான்கு தடவை படித்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா நடப்பது கண்முன் வந்து நின்றது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா ஒன்றைக் கேட்டிருக்கிறாள். இதற்கு எழுதப்போகும் பதிலின் கடைசி வரியும் வெட்டுப்பட்டு வந்தால் அக்கா ஆபரேஷனே வேண்டாம் என்று விட்டுவிடுவாள். அவளுக்கு அந்தப் பிடிவாதம் தெரியும். இன்னொரு தடவை கேட்கவும் மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ‘அன்பு அக்கா, நான் வருகிறேன். பதிமூன்றாம் தேதியே வந்துவிடுகிறேன்’ என்பது வரை எந்தக் கஷ்டமும் இல்லை. அதற்குக் கீழே பேனா நின்றுவிட்டது.

எதிரே அவளுடைய கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். முப்பது வருஷமாகப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து பழகியதால், வீட்டில் யாராவது தட்டை மேஜை ஓரத்தில் வைத்தாலும் அவர் வலது கால் தரையில் பிரேக்கை அழுத்தும். இப்போதும் அழுத்தியது.

“என்ன, வண்டி நின்னுடுச்சா?”

“முடிப்பு வரல.”

“‘அன்புத் தங்கை’ன்னு போடேன்.”

“போட்டாச்சு. ரெண்டாவது வருஷம்.”

“‘மன்னிச்சுக்கோ’ன்னு...”

“மூணாவது வருஷம்.”

“பேரு மட்டும்?”

“அஞ்சாவது. ஒண்ணுமே போடாம விட்டது ஆறாவது. நீங்க பேப்பர படிங்க.”

அவர் பேப்பரை மடித்து வைத்தார். “இதுல என்ன இருக்குன்னு எனக்குப் புரியல. அன்னிக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்கல, அதனால போகல. இத்தன வருஷம் அதுக்காக ஒரு மனுஷி கோவிச்சுக்குவாங்களா?”

அவள் பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

“லீவு கிடைச்சுதுங்க,” என்றாள்.

அவர் காலும் அசையவில்லை, கையும் அசையவில்லை.

“பத்து மணிக்கு போன் வந்துது. பத்தேகாலுக்கு லீவு குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து பையில ரெண்டு புடவய வச்சேன். நீங்க உள்ள ரூம்ல கால் கட்டோட தூங்கிட்டிருந்தீங்க.” ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒருவர் அவர் பாதத்தின் மேலேயே காரை ஏற்றிவிட்ட வாரம் அது. “எழுப்பாம பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன்.”

“பஸ் வரலயா?”

“வந்துது. மூணு பஸ் வந்துது. மூணும் போச்சு. நான் பெஞ்சிலயே உக்காந்திருந்தேன். கண்டக்டர் ஒருத்தர் கிட்ட வந்து, ஏறலயாம்மான்னு கேட்டாரு. அடுத்ததுல வரேன்னேன்.”

“ஏன்?”

“அக்கா அழுவாளேன்னு,” என்றாள் அவள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. “அவ அழுது நான் பாத்ததே இல்ல. அவ அழுதா அப்புறம் எனக்கு யாரு இருக்கா? அதப் பாக்க எனக்கு தைரியம் இல்ல. அவ்வளவுதான். ஆபீஸுக்குத் திரும்பிப் போயி பஸ் கிடைக்கலன்னேன். சாயங்காலம் உங்ககிட்ட லீவு கிடைக்கலன்னேன். அவளுக்கு தவிர்க்க முடியாத பணின்னு எழுதினேன். ஆளாளுக்கு ஒண்ணு.”

ஏழு வருஷமாக யாருக்கும் சொல்லாததைச் சொல்லி முடித்தபோது தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வெட்கமாக இருந்தது. கூடவே, இறுக்கிக் கட்டியிருந்த எதையோ அவிழ்த்துவிட்ட மாதிரி லேசாகவும் இருந்தது.

கணவர், “இத எங்கிட்ட சொன்ன மாதிரி அவங்ககிட்ட சொல்லியிருக்கியா?” என்று மட்டும் கேட்டார்.

சொன்னதில்லை. ஆறு கடிதத்தின் அடியிலும் எதை எதையோ போட்டுப் பார்த்தாள். எங்கே நின்றாள் என்பதை மட்டும் போட்டதில்லை. மேனேஜருக்கு அவள் கொடுத்த பாடம் அவளுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. தள்ளி நின்றுகொண்டே பக்கத்தில் நிற்கிற மாதிரி எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அக்கா முதல் கடிதத்திலேயே கண்டுபிடித்திருக்கிறாள். ஆறு வருஷமாக அதைத்தான் வெட்டி வெட்டிக் காட்டியிருக்கிறாள்.

அவள் பேனாவைத் திறந்தாள். ‘வந்துவிடுகிறேன்’ என்பதற்குக் கீழே அந்த நாளைப் பற்றி எழுதினாள். பெஞ்சு, மூன்று பஸ், கண்டக்டர், பயம், எல்லாவற்றையும் எட்டு வரியில். அலங்காரம் எதுவும் இல்லை. பிறகு ஓர் இடைவெளி விட்டு, கொஞ்சமும் தயங்காமல் முடித்தாள்:

‘இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தவள்.’

பெயர் எழுதவில்லை. மடித்து உறையில் போட்டு, மனம் மாறுவதற்குள் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். இந்தத் தடவை திரும்பும் வழியில் எதுவும் உறைக்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் ஆபீஸில் ‘கடைசி வரி’ கொஞ்சம் தடுமாறியது. ஒரு வக்கீலுக்கு ‘நன்றியுடன்’ போட்டுவிட்டாள். டைப்பிஸ்ட் அம்மாள் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு, “மேடம், உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். மேனேஜர் தம் யோசனையைக் கைவிட்டுவிட்டதாகச் சொன்னபோதும் அவளுக்கு வெற்றி பெற்ற மாதிரி இல்லை. தினமும் வீட்டுக்கு வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கரண்டு பில் வந்தது. டிரைவிங் ஸ்கூல் காலண்டர் வந்தது.

எட்டாம் நாள் உறை வந்தது.

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. துண்டாக இருந்தால் உறை மெல்லியதாக இருக்கும், இது தடித்திருந்தது. பிரித்தாள். உள்ளே அவள் எழுதிய கடிதமே மடித்து மடித்து இருந்தது. முழுக் கடிதமும் திரும்பி வந்திருந்தது. ஆறு வருஷம் கடைசி வரிதான் வேண்டாம் என்றாள், இப்போது கடிதமே வேண்டாம் என்கிறாளா? கணவர் வந்து பக்கத்தில் நின்றார்.

மேஜையில் விரித்தாள். ‘அன்பு அக்கா’ இருந்தது. பதிமூன்றாம் தேதி இருந்தது. பெஞ்சு இருந்தது, மூன்று பஸ்ஸும் இருந்தன, கண்டக்டர் இருந்தார். அதற்குக் கீழே காகிதம் இல்லை. ஓரம் பல் பல்லாக நின்றது.

உறையைக் கவிழ்த்து உதறினாள். விரலை விட்டுத் துழாவினாள். உறையைக் கிழித்தே பார்த்தாள். அந்தத் துண்டு இல்லை.

இருபத்தெட்டு வருஷம் கடிதப் பிரிவில் குப்பை கொட்டியவளுக்கு அது விளங்க அரை நிமிடம் பிடித்தது. அக்கா மற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசி வரியைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வராத அழுகை இப்போது வந்தது. கணவர் காகிதத்தை எடுத்துத் திருப்பினார்.

“பின்னாடி ஏதோ எழுதியிருக்கு பாரு.”

துணியில் கோடு போடும் நீலப் பென்சிலால், பெரிய பெரிய எழுத்தில் இருந்தது.

‘எனக்கு அன்னிக்கு அழுகையே வரல. நீ வந்தா வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன். பதிமூணாம் தேதி வா. இந்தத் தடவ ஏறு.
அக்கா.’

அவள் அதை வாய்விட்டு ஒரு முறை படித்தாள். ‘அக்கா’ என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடியும் அதை மட்டும் படித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பரண்மேலிருந்த பையை எடுத்துத் தரச் சொன்னாள். இன்னும் பத்து நாள் இருந்தது. இருந்தாலும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“மொத பஸ் அஞ்சே முக்காலுக்கு,” என்றார் அவர். “நான் கூட வந்து ஏத்தி விட்டுட்டு, பஸ் கிளம்பற வரைக்கும் நிக்கறேன்.”

“வேணாங்க,” என்றாள் அவள். “நானே ஏறிக்கறேன்.”